பிள்ளைக்காகக் குடும்ப நீதிமன்றம் ஏறும் அம்மாக்களுக்கு: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வழிகாட்டி

என் புகுந்த வீடு பாகூர்ப் பக்கம். பிறந்த வீடு கடலூர் முதுநகர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச நேர பஸ் பயணமும் முள்ளோடையில் ஒரு மாநில எல்லையும்தான். கணவரின் அடி தாங்காமல் அந்த எல்லையைத் தாண்டி நாலு வயதுப் பெண்ணோடு வந்து இறங்கிய பிறகு, அவள் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்க 1 வருடம் 9 மாதம் ஆனது. 22 வாய்தா. அதில் பாதி அலைச்சல் என் அறியாமையால் வந்தது. உங்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்கைப் படித்துப் பார்த்த வக்கீல் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாமல்தானே முதல் நாள் போய் உட்காருகிறோம்.

ஒன்றை இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்டதைக் காட்டும் காகிதம் வேறு, பிள்ளையை வளர்த்ததைக் காட்டும் காகிதம் வேறு. பாதுகாப்பு உத்தரவு வாங்க முதல் வகை வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசிக்கும் நீதிபதி இரண்டாவது வகையைத்தான் அதிகம் புரட்டுகிறார். இது தெரியாமல் ஆறு மாதம் முதல் வகையை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

1. கிளம்பும் முன்

திட்டமிட்டுக் கிளம்ப முடிகிறவர்கள் குறைவு. முடிந்தால் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, இருவரின் ஆதார், பள்ளிக் கட்டண ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், திருமணப் பதிவுச் சான்று (இல்லாவிட்டால் பத்திரிகையும் இரண்டு போட்டோவும்), குடும்ப அட்டை நகல், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கணவரின் சம்பளச் சீட்டு.

எடுத்து வர முடியாதென்றால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். சண்டை முற்றினால் முதலில் பிடுங்கப்படுவது போன்தான்.

நான் கிளம்பிய இரவு கையில் கிடைத்த கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா வீட்டில் கொட்டிப் பார்த்தால் கால் கிலோ உளுந்து, குழந்தையின் இரண்டு கவுன், மஞ்சள் கறை படிந்த தடுப்பூசி அட்டை. அந்த அட்டை பின்னால் என்ன வேலை செய்தது என்பதை 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

குழந்தையையும் கூட்டிக்கொண்டே கிளம்புங்கள். நீதிமன்றத் தடை எதுவும் இல்லாதபோது தாய் தன் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருவது கடத்தல் ஆகாது. போலீசில் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். குழந்தையை விட்டுவிட்டு உயிர் தப்பி வந்தவர்கள் குற்ற உணர்ச்சியில் நாளைக் கடத்தாதீர்கள். ஒவ்வொரு மாதமும் “குழந்தை இங்கேதான் பழகிவிட்டது” என்ற அவர்கள் வாதத்துக்கு எடை கூட்டும்.

2. முதல் வாரம்

அடி நடந்துகொண்டிருக்கும்போது 112. தங்க இடமும் ஆலோசனையும் வேண்டுமென்றால் 181, பெண்களுக்கான உதவி எண். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

அடுத்தது அரசு மருத்துவமனை. காயம் மூன்று நாள் பழையதானாலும் போங்கள். எப்படி அடிபட்டது, யார் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்; அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். வெட்கப்பட்டு மாற்றிச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் “படியில் விழுந்துவிட்டேன்” என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டேன். அந்தச் சீட்டைக் கணவர் தரப்பு பத்திரமாக வைத்திருந்தது. குறுக்கு விசாரணையில் அதை நீட்டி, “இதையும் படிதான் செய்ததா அம்மா?” என்று கேட்டார் அவர்கள் வக்கீல்.

பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கை உடனே போடாவிட்டாலும் மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கணவரின் கொடுமைக்கான பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த கொடுமைக்கு மனு எழுதித் தருபவர் பழைய எண்ணை எழுதினால் திருத்தச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. காவல் நிலையத்தில் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்து நடக்கும். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் “ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தையை அப்பாவிடம் அனுப்பச் சம்மதிக்கிறேன்” என்று எழுதி நீட்டுவார்கள். களைத்துப்போய்க் கையெழுத்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். “குழந்தை விஷயத்தை நீதிமன்றத்தில் பேசிக்கொள்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் மாவட்டத்துக்கு இருக்கிறார். கடலூரில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகம் போனால் வழி சொல்வார்கள். புதுச்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. அந்த அலுவலர் நடந்ததைக் கேட்டு ஒரு படிவத்தில் எழுதி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்புவார், டி.ஐ.ஆர். என்பது அதுதான். காசு கிடையாது. ஆனால் “டி.ஐ.ஆர். வந்தால்தான் மனுப் போட முடியும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இல்லாமலும் உத்தரவு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

3. எந்த ஊர் நீதிமன்றம்

எல்லையின் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் பக்கத்தில் இதுதான் பெரிய சிக்கல். என் வழக்கில் நாலு மாதம் இதிலேயே போயிற்று.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் (2005) கீழ் மனு என்றால், நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும். பண்ருட்டியில் அக்கா வீட்டில் இருந்தால் பண்ருட்டி நடுவர் நீதிமன்றம். சிதம்பரத்தில் இருந்தால் சிதம்பரம்.

விவாகரத்து என்றால், இந்துத் திருமணச் சட்டத்தில் மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே போட வழி உண்டு.

பிள்ளையின் பொறுப்பை மட்டும் தனியாகக் கேட்டால் அது 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் வரும். கோர்ட் பேச்சில் ஜி.டபிள்யூ.ஓ.பி. இதில் உங்கள் ஊர் கணக்கில்லை. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அந்த இடத்து நீதிமன்றம்தான்.

நான் கடலூர் வந்த இரண்டாவது வாரமே இந்த மனுவைக் கடலூரில் போட்டேன். “பிறந்ததிலிருந்து குழந்தை பாகூரில் வளர்ந்தது, பதினைந்து நாள் பாட்டி வீட்டில் இருப்பது வசிப்பு ஆகுமா?” என்று முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை எழுந்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதுதான் எரிச்சல். ஆகவே முதலில் குழந்தையைப் பக்கத்துப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ சேருங்கள். ஆதாரில் முகவரி மாற்றுங்கள். நீங்கள் எதற்கு வந்தீர்கள், ஏன் திரும்பிப் போக முடியாது என்பதை மனுவில் தேதியோடு எழுதுங்கள். விவாகரத்து வழக்கும் போடுவதாக இருந்தால் அதற்குள்ளேயே இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26-இன் கீழ் குழந்தையைக் கேட்கலாம். இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

குழந்தை புதுச்சேரிப் பக்கம் கணவரிடம் இருந்தால் புதுச்சேரிக் குடும்ப நீதிமன்றம்தான். கடலூர்ச் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகம், பஸ் நேராகப் போகும். கணவர் முந்திக்கொண்டு அங்கே வழக்குப் போட்டு உங்களை அலையவைத்தால், மாற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மாநிலம் வேறானாலும் இரண்டு ஊர் நீதிமன்றங்களும் அந்த ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ்தான். கைக்குழந்தை, வருமானமின்மை, மிரட்டல் ஆகியவற்றை அதில் காட்ட வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. கணவர் வீடு ரெனோன்சான் குடும்பமாக (பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழி) இருந்தால் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மூன்று வாய்தா கழித்துத் தெரியவந்தால் மனுவையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

4. முதலில் நடுவர் நீதிமன்றம்

குழந்தை அவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, உங்களிடம் இருந்து அவர் தூக்கிப்போவார் என்ற பயம் இருந்தாலும் சரி, விரைவாக ஏதாவது கிடைக்கும் இடம் இதுதான். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 21, வழக்கு நடக்கும்போதே குழந்தையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விட நடுவருக்கு அதிகாரம் தருகிறது. இந்தப் பிரிவில் கணவருக்குக் கிடைக்கக்கூடியது பார்க்கும் அனுமதி மட்டுமே. பார்ப்பதே குழந்தைக்குக் கெடுதல் என்று நடுவர் கருதினால் அதையும் மறுக்கலாம்.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேளுங்கள்: பிரிவு 18 பாதுகாப்பு, 19 தங்குமிடம், 20 பணம், 21 குழந்தை, 22 நஷ்டஈடு. கூடவே பிரிவு 23-இல் இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு பிரமாண வாக்குமூலம். “அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்” என்று நான் வீட்டு வாடகையை விட்டேன்; அந்த அப்புறம் எட்டு மாதம் கழித்து வந்தது.

சட்டப்படி முதல் வாய்தா மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும். வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும். எனக்கு இடைக்கால உத்தரவு வர ஐந்து வாரம் ஆயிற்று. அதையே வேகம் என்றார் வக்கீல் குமாஸ்தா. உத்தரவின் நகல் இலவசம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குழந்தையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் பறித்துக்கொண்டு போய்விட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு ஒரு வழி. வேகமானது, செலவும் அதிகம். அப்பாவிடம் இருப்பதே சட்டவிரோதம் என்று காட்ட முடிந்தால்தான் நிற்கும்.

பிரிவு 21 தற்காலிகம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கையில் உத்தரவு வந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு, கணவர் குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு விழித்தவர்களை அந்த வளாகத்திலேயே நாலைந்து பேரைப் பார்த்தேன்.

5. வக்கீலும் செலவும்

பெண் என்ற ஒரே காரணம் போதும், இலவச சட்ட உதவி கிடைக்கும். வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12-ஐச் சொல்லுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். தொலைபேசி என்றால் 15100.

நான் நடுவர் நீதிமன்றத்துக்குச் சட்ட உதவி வக்கீலையும் குடும்ப நீதிமன்றத்துக்குத் தனி வக்கீலையும் வைத்தேன். தனி வக்கீலுக்கு மொத்தம் 35,000 ரூபாய், மூன்று தவணையில். வழக்குக்கு மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். வக்காலத்தை (உங்களுக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) தவிர வேறு எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்து வேண்டாம். இடையில் வக்கீலை மாற்ற நேர்ந்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டியிருக்கும். அதனால் சண்டை போட்டுப் பிரியாதீர்கள்.

நீதிமன்றக் கட்டணம் பெரிதல்ல. பணம் போவது ஜெராக்ஸ், நோட்டரி, பஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இழக்கும் ஒரு நாள் கூலி ஆகியவற்றில். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பப் பேட்டா கட்ட வேண்டும். சின்னத் தொகைதான். கட்ட மறந்தால் நோட்டீஸ் போகாது, ஒரு வாய்தா வீண். குமாஸ்தாவிடம் “பேட்டா கட்டியாயிற்றா?” என்று கேட்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வாதாடுவது நீதிமன்ற அனுமதியோடுதான். நீதிபதி நேராக உங்களைக் கேட்பார். வக்கீலைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகுங்கள்.

6. குடும்ப நீதிமன்ற மனு

மனுவில் சட்டத்தைவிட அன்றாடம் முக்கியம். குழந்தையை யார் எழுப்புவது, யார் குளிப்பாட்டுவது, நீங்கள் வேலைக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது, பள்ளி எத்தனை தூரம், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர். இதை எழுதுங்கள். வன்முறையைத் தேதி வாரியாக எழுதுங்கள். அதில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த சம்பவங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். குழந்தைப் பொறுப்பைத் தீர்மானிக்கும்போது தந்தை மீதான குற்ற வழக்கையும் அவர் நடத்தையையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்று நீல் ரத்தன் குண்டு வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

“அஞ்சு வயது வரை அம்மாவுக்கு, அப்புறம் அப்பாவுக்கு” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்ததும் தானாகத் தந்தைக்குப் போய்விடும் என்று எங்கேயும் சொல்லவில்லை. எந்த வயதிலும் குழந்தையின் நலன்தான் முதன்மை. முஸ்லிம் குடும்பங்களில் ஹனஃபி முறைப்படி மகனுக்கு ஏழு வயது வரையும், மகளுக்கு அவள் பருவமடையும் வரையும் தாய்க்கு உரிமை. அங்கேயும் நலன்தான் கடைசியில் பார்க்கப்படுகிறது.

சம்பளம் குறைவு என்பதற்காகக் குழந்தையை இழக்க மாட்டீர்கள். பராமரிப்புத் தொகை கொடுப்பது அவர் கடமை. அதைக் கேட்கும்போது இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் (2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). உங்கள் தையல் வருமானம் நாலாயிரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

மனுவோடு சேர்த்தே இரண்டு இடைக்கால மனுக்கள்: வழக்கு முடியும்வரை குழந்தை என்னிடம் இருக்க ஒன்று, குழந்தையை நீதிமன்ற எல்லையை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை கேட்டு இன்னொன்று. கணவருக்கோ அவர் உறவினருக்கோ பிரான்சில் குடியுரிமை இருந்தால் இரண்டாவது மிக அவசரம். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பிள்ளை விமானம் ஏறிவிட்டால் பின்னால் ஓடுவது கடினம். குழந்தையின் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனு கொடுத்த அன்றே அதற்கு வழக்கு எண் கிடைத்துவிடாது. குறை கண்டு திருப்புவார்கள். என் மனு இரண்டு முறை திரும்பியது. ஒருமுறை குழந்தையின் பிறந்த தேதி ஒரு பக்கத்தில் 12 என்றும் இன்னொரு பக்கத்தில் 21 என்றும் இருந்ததற்காக.

7. இரண்டு கட்டு

இரண்டு கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள், நிறம் வேறாக. சிவப்பில் வன்முறை: ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர்., மிரட்டல் செய்திகள், அண்டை வீட்டுச் சாட்சிகள். நீலத்தில் வளர்ப்பு: தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு, பள்ளி டைரியில் உங்கள் கையெழுத்து உள்ள பக்கங்கள், கட்டண ரசீது, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் பதிவு, ஆட்டோக்காரருக்குக் கொடுத்த மாதப் பணம், பிறந்தநாள் படம். நீலம் தடிமனாக இருக்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று காட்ட ஒரு மணி நேரம் முயன்றார்கள். “கணவர்தான் குழந்தையை எல்லா ஊசிக்கும் கூட்டிப்போனார், இல்லையா?” என்றார் வக்கீல். நான் அட்டையை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு ஊசித் தேதிக்குப் பக்கத்திலும் குழந்தையின் எடையை என் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தேன்; ஒன்பதாவது மாதத்தில் “காய்ச்சல், இரவு முழுக்கத் தூங்கவில்லை” என்று பென்சிலில். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையைக் கிட்டத்தில் வைத்து இரண்டு பக்கமும் படித்தார். அடுத்த கேள்வி ஊசியைப் பற்றியதாக இல்லை.

வாட்ஸ்அப் மிரட்டல்களைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இரண்டு பகுதியாக வரும், ஒன்றில் நீங்களும் மற்றதில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். குடும்ப நீதிமன்றம் சாட்சிய விதிகளில் கொஞ்சம் தாராளமானது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

வழக்கு முடியும்வரை கணவரைத் திட்டி ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அவர்கள் பக்கத்துக் கோப்பில் அது முதல் பக்கமாக வரும்.

8. வாய்தா நாட்கள்

இ-கோர்ட்ஸ் செயலியைப் போனில் ஏற்றி உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேதி அதிலேயே தெரியும். பத்து மணிக்கு வளாகத்தில் இருங்கள். பெயர் கூப்பிடும்போது டீக்கடையில் இருந்தால் தள்ளுபடி ஆகலாம். 30 நாளுக்குள் மீட்பு மனு போட்டு எடுக்கலாம், ஆனால் அது இன்னொரு இரண்டு மாதம்.

முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சேர்த்துவைக்க முயல்வது அந்த நீதிமன்றத்துக்குச் சட்டமே சொன்ன கடமை. உங்கள் கஷ்டத்தை யாரும் நம்பவில்லை என்று உடைந்துபோகாதீர்கள். அவரோடு ஒரே அறையில் உட்காரப் பயமாக இருந்தால் தனித்தனியாகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், பாதுகாப்பு உத்தரவின் நகலோடு. விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் கேட்கலாம். “வன்முறை வழக்கை வாபஸ் வாங்கு, குழந்தையை விட்டுத்தருகிறேன்” என்ற பேரம் இந்த அறையில்தான் வரும். வாபஸ் வாங்கிய பிறகு அவர் மனம் மாறினால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

9. அவர் குழந்தையைப் பார்க்கும் நாள்

வன்முறையிலிருந்து வந்தவளுக்கு வழக்கிலேயே கடினமான பகுதி இது. பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் பார்க்கும் அனுமதி கொடுக்கப்படும். முழுக்க எதிர்ப்பதைவிட நிபந்தனை கேட்பது பலன் தரும்: நீதிமன்ற வளாகத்துக்குள், பகலில், இரண்டு மணி நேரம், மூன்றாம் ஆள் ஒருவர் இருக்க, வெளியே கூட்டிப்போகக் கூடாது, குடித்துவிட்டு வந்தால் அன்று கிடையாது. இவை உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். வாய்மொழிச் சம்மதம் எல்லையைத் தாண்டியதும் ஆவியாகிவிடும்.

குழந்தையைக் கையில் கொடுக்க நீங்கள் போகாதீர்கள். என் தம்பி போவான். நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பேன். முதல் மூன்று சனிக்கிழமையும் அவள் அப்பா கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். நாலாவது சனிக்கிழமை பிரித்துத் தின்றாள், எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள். எனக்கு வலித்தது. வாங்கித் தின்றேன்.

உத்தரவு இருக்கும்போது கோபத்தில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு வாங்கி அன்றே வக்கீலுக்கு அனுப்புங்கள். அவர் வராத நாட்களையும் எழுதிவையுங்கள். என் கணவர் 31 சனிக்கிழமையில் 13-க்குத்தான் வந்தார். அந்தப் பட்டியல் நீலக் கோப்பில் ஏறியது. பராமரிப்புப் பணம் தராததால் பார்க்க விடமாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். பணம் வேறு மனு.

10. நீதிபதி குழந்தையிடம் பேசும் நாள்

விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தை நீதிபதி தன் அறையில் கேட்பதுண்டு. நீங்கள் வெளியே உட்கார வேண்டும். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். “அப்பா கெட்டவர்” என்று ஆறு வயதுக் குழந்தை ஒப்பித்தால் அது உங்கள் மீதுதான் திரும்பும்.

“அங்கிள் உன்னோடு பேசுவார், தெரிந்ததைச் சொல்லு” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நீதிபதி கேட்டாராம். “இட்லி. அம்மா சட்னியில் காரம் போட்டுவிட்டாள், பாட்டியிடம் சொல்லி சர்க்கரை வாங்கிக்கொண்டேன்” என்றாளாம். பிறகு யார் ஜடை பின்னுவது, யார் பக்கத்தில் தூங்குகிறாய் என்று கேள்விகள் போயிருக்கின்றன. வெளியே வந்து, “அங்கிள் மேஜையில் மயிலிறகு இருக்கிறது” என்றாள். அவ்வளவுதான் எனக்குச் சொன்னாள். மீதி உத்தரவில் படித்துத் தெரிந்துகொண்டது.

11. உத்தரவு வந்த பிறகு

எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தோற்றால் உங்களுக்கும் அதே 30 நாள். நாள் எண்ணத் தொடங்கிவிடும், ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். குழந்தைப் பொறுப்பு உத்தரவு கல்வெட்டு அல்ல. நிலைமை மாறினால் இருவரில் யாரும் மாற்றம் கேட்டு வரலாம். அதனால் நீலக் கோப்பைப் பரணில் போடாதீர்கள்.

பள்ளி மாற்றும்போது பழைய பள்ளி “அப்பா கையெழுத்து வேண்டும்” என்று மாற்றுச் சான்றிதழை இழுத்தடித்தால், அது வராததைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும். நான் அந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டுச் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்.

சான்றிட்ட நகல் மூன்றாகக் கேளுங்கள். ஒன்று பள்ளியில், யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்ற பெயர்ப் பட்டியலோடு. ஒன்று உங்கள் கைப்பையில். மூன்றாவது அம்மா வீட்டு அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்றாலும் சரி, உங்களைத் தவிர இன்னொருவருக்கும் இடம் தெரியும்படி.